ஒரு கையில் கேமரா... மறு கையில் இரண்டு உயிர்!

13 ஆயிரம் அடி உயரத்தில் குதிக்கும்போது படம் பிடிப்பது யார்? திடுக்கிட வைக்கும் பின்னணி

நூம்பல்,-

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தம். பஸ்சுக்கு காத்து நிற்கிறவர்கள் கையில் என்ன இருக்கிறது? செல்போன்! அதில் அடிக்கடி ஓடுவது என்ன? வானத்தில் இருந்து யாரோ ஒருவர் தலைகீழாக குதிக்கிற வீடியோ!

காற்றில் கன்னம் படபடவென்று அடிக்கிறது. தலைமுடி செங்குத்தாக நிற்கிறது. பயத்தில் அலறுகிறார். அடுத்த வினாடி பல் எல்லாம் தெரிய சிரிக்கிறார். அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொருவர் தெரிகிறார். அவர்தான் பயிற்சியாளர்.

நூம்பல், வானகரம், திருவேற்காடு பக்கம் இருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவன் லீவு நாளில் துபாயில் குதித்து, வீட்டுக்கு இப்படி ஒரு வீடியோ அனுப்பினால் என்ன நடக்கும்? "அய்யோ, இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று அம்மா நெஞ்சில் கை வைப்பார். "அடுத்தது நான்தான்" என்று தம்பி குதிப்பான்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த படத்தை எடுத்தது யார்?

வேறு யாரும் இல்லை. முதுகுக்கு பின்னால் இருக்கிறாரே, அந்த பயிற்சியாளரேதான்! அவர் இடது கையில் ஒரு கையுறை. அதன் மேல் தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிய கேமரா. கையை முன்னால் நீட்டி, குதிப்பவரின் முகத்தை பிடித்துக்கொண்டே விழுகிறார்.

அந்த இடது கைக்கு வேறு ஒரு வேலையும் இருக்கிறது. உயிரை காப்பாற்றுகிற வேலை!

இரண்டு பேருக்கு ஒரே குடை

இந்த குதிப்புக்கு "டேண்டம்" என்று பெயர். அதாவது ஜோடிக் குதிப்பு.

முன்பெல்லாம் பாராசூட்டில் குதிக்க வேண்டும் என்றால் பல மணி நேரம் பயிற்சி எடுத்து, தனியாகத்தான் குதிக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் என்ற இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் இரண்டு பேருக்கான பாராசூட்டை உருவாக்கினார்கள். பழக்கம் இல்லாதவரும் அனுபவசாலியின் மார்போடு கட்டிக்கொண்டு குதிக்கலாம் என்று ஆயிற்று.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் குதிக்கலாம் என்கிற நிலை வந்தது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி மூத்த ஜார்ஜ் புஷ், 2014-ம் ஆண்டு தனது 90-வது பிறந்தநாளில் இப்படித்தான் குதித்தார். சத்தீஷ்கார் மாநில மந்திரியாக இருந்த டி.எஸ். சிங் தேவ், 2023-ம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவில் குதித்தார். அப்போது அவருக்கு வயது 70. அந்த வீடியோ நாடு முழுவதும் சுற்றியது.

ஜோடிக் குதிப்பில் குதிக்க வருகிறவர் உடம்பில் ஒரு பெல்ட் கவசம் மாட்டுவார்கள். அதில் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என மொத்தம் 4 கொக்கிகள். அந்த 4 கொக்கிகள்தான் அவரை பயிற்சியாளரோடு பிணைக்கின்றன. குடை இருப்பது பயிற்சியாளரின் முதுகில். வருகிறவர் முதுகிலோ, மார்பிலோ எதுவும் கிடையாது.

பெரிய குடை ஒன்று. அது மக்கர் செய்தால் ஆபத்துக்கு உதவ ரிசர்வ் குடை ஒன்று. இரண்டும் ஒரே மூட்டையில். இரண்டையும் இயக்குவது ஒரே ஆள்.

வினாடிக்கு ஒரு எல்.ஐ.சி. கட்டிடம்!

விமானம் சுமார் 13 ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறுகிறது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடத்தின் உயரம் 177 அடி. அதைப்போல் 73 கட்டிடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு!

கதவு திறக்கிறது. இருவரும் விழுகிறார்கள். சில வினாடிகளில் பயிற்சியாளர் வலது கையால் ஒரு சின்னக் குடையை பின்னால் வீசுகிறார். அது பிரேக் மாதிரி. இரண்டு பேர் எடை சேர்ந்து விழும்போது வேகம் எகிறிவிடும். அதை இழுத்துப் பிடித்து, மணிக்கு சுமார் 190 கிலோ மீட்டர் வேகத்தில் வைப்பதுதான் சின்னக் குடையின் வேலை.

அந்த வேகம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு வினாடியும் ஒரு எல்.ஐ.சி. கட்டிடத்தின் உயரம் காலி!

"ஒன்று, இரண்டு, மூன்று..." என்று 6 வரை எண்ணுங்கள். அதற்குள் ஆயிரம் அடி போய்விட்டது.

சுமார் 50 வினாடிகள் இந்த விழுதல். தரையில் இருந்து 5 ஆயிரம் அடிக்கு கீழே வருவதற்குள் பெரிய குடையை விரித்து ஆக வேண்டும். குடை விரிந்து விட்டால் பிறகு 5, 6 நிமிடங்கள் மெதுவாக மிதந்து இறங்கலாம்.

ஆக, பயிற்சியாளர் கையில் இருப்பது வெறும் 50 வினாடி. அந்த 50 வினாடியில் அவர் உயரம் பார்க்க வேண்டும். உடம்பை சாயாமல் வைக்க வேண்டும். முன்னால் இருப்பவர் கையை காலை உதறினால் சமாளிக்க வேண்டும். பக்கத்தில் வேறு யாராவது விழுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். எல்லா பிடிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, "சிரிங்க... கட்டை விரலை காட்டுங்க..." என்று படமும் எடுக்க வேண்டும்!

அந்த இடது கை

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பெரிய குடை சிக்கிக்கொண்டு விரியவில்லை என்றால் பயிற்சியாளர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலில் வலது மார்புப் பக்கம் இருக்கும் பிடியை இழுத்து, கெட்டுப்போன குடையை கழற்றி விட வேண்டும். அடுத்து இடது மார்புப் பக்கம் இருக்கும் பிடியை இழுத்து ரிசர்வ் குடையை எடுக்க வேண்டும்.

இடது பக்கப் பிடியை பழக்கமாக இழுப்பது இடது கை. கேமராவை பெரும்பாலும் மாட்டுவதும் இடது கையில்தான். ஏனென்றால் சின்னக் குடையை வீச வலது கை வேண்டும்.

உயரம் காட்டும் மீட்டரையும் பல பயிற்சியாளர்கள் இடது மணிக்கட்டில்தான் கட்டுகிறார்கள். கேமராவுக்காக கையை ஒரு கோணத்தில் நீட்டினால் மீட்டர் வேறு பக்கம் திரும்பி விடும் அபாயம் உண்டு.

அது மட்டுமா? குடை விரியும்போது கயிறுகள் சாட்டை போல சீறிக்கொண்டு மேலே போகும். கையில் துருத்திக்கொண்டு இருக்கும் கேமராவில் ஒரு கயிறு மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை. அதனால்தான் கேமராவை ஓட்டை உடைசல் கம்பி, கயிறு, டேப் சுற்றி மாட்டக் கூடாது. கயிறு சிக்காத மாதிரி வழவழப்பான கையுறை வேண்டும். கேமராவை மாட்டினாலும் விரல் ஐந்தும் எந்த பிடியையும் தாராளமாக பற்ற வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

கடைசி காவலுக்கு ஒரு கருவியும் உண்டு. பயிற்சியாளரால் எதுவுமே செய்ய முடியாமல் போனால், சுமார் 2 ஆயிரம் அடி உயரத்தில் அது தானாகவே ரிசர்வ் குடையை விரித்து விடும். கெட்ட குடையை கழற்றியதுமே ரிசர்வ் தானாக வெளிவருகிற ஏற்பாடும் இப்போது பல பாராசூட்டுகளில் இருக்கிறது. இவை எத்தனையோ பேரை காப்பாற்றி இருக்கின்றன.

ஆனால் கருவி இருக்கிறது என்பதற்காக கை சும்மா இருக்க முடியுமா?

கேமராமேன் எங்கே போனார்?

முன்பு இதற்கென்று தனி ஆள் இருந்தார். தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஜோடியோடு சேர்ந்து குதிப்பார். எதிரே மிதந்தபடி படம் எடுப்பார். சில இடங்களில் இப்போதும் உண்டு.

அவரை ஓரம் கட்டியது எது? காசுதான்!

ஒரு சின்ன கணக்கு பாருங்கள். செஸ்னா 182 என்று ஒரு சிறிய விமானம். பைலட்டை தவிர 4 பேரை ஏற்றிக்கொண்டு போகலாம். அதாவது 2 ஜோடி. கேமராமேன் ஒருவர் ஏறினால் ஒரு ஜோடிக்கு இடம் போச்சு! அவருக்கு கூலி வேறு கொடுக்க வேண்டும்.

2009-ம் ஆண்டுக்கு பிறகு உள்ளங்கையில் அடங்குகிற "கோப்ரோ" ரக கேமராக்கள் துல்லியமான படத்தோடு வந்து விட்டன. "எதற்கு தனி ஆள்? பயிற்சியாளர் கையிலேயே மாட்டி விடு" என்று முதலாளிகள் நினைத்தார்கள். சீட் மிச்சம். கூலி மிச்சம். வருகிறவருக்கும் செலவு குறைவு.

பஸ்சில் டிரைவரே ஒரு கையால் டிக்கெட் கிழித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங் பிடிப்பது மாதிரிதான் இது. இரண்டு ஆள் வேலை. ஒரு ஆள் தலையில்!

வேலை வானத்தோடு முடிவதும் இல்லை. தரையிலேயே "உங்க பேர் என்ன? பயமா இருக்கா?" என்று பேட்டி எடுக்க வேண்டும். விமானத்துக்குள் எடுக்க வேண்டும். இறங்கிய பிறகும் எடுக்க வேண்டும். இந்த பேட்டி மும்முரத்தில் 4 கொக்கிகளை சரிபார்ப்பது ஒரே ஒரு தடவை தவறினால் போதும். நினைத்தாலே குலை நடுங்குகிறது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கை கேமராவில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. தனி கேமராமேன் பக்கத்தில் பறந்தால், அவர் ஜோடியின் மேல் மோதும் ஆபத்து உண்டு. குடை விரிகிற நேரத்தில் அவர் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஆபத்து. கை கேமராவில் அந்த தொல்லை இல்லை. முகமும் கிட்டத்தில் தெளிவாக விழும்.

பாராசூட்டை மறந்த கேமராமேன்!

கேமரா மனிதனின் கவனத்தை எப்படி விழுங்கும் என்பதற்கு 1988-ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் போதும்.

அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலம் லூயிஸ்பர்க். ஏப்ரல் மாதம். ஒரு பயிற்சியாளரும் மாணவரும் குதிக்கிறார்கள். அவர்களை படம் எடுக்க 35 வயது கேமராமேன் ஒருவரும் குதிக்கிறார். புதியவர் அல்ல. 800 தடவைக்கு மேல் குதித்தவர்!

தலையில் கேமரா. ரெக்கார்டர் அடங்கிய பை உடம்பில். படம் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தார். மற்றவர்களின் குடை விரிந்தது. தன்னுடைய குடையை விரிக்க கையை கொண்டு போனார்.

அங்கே குடை இல்லை!

பாராசூட்டை மாட்டாமலேயே விமானத்தில் ஏறி, குதித்தும் விட்டார். ரெக்கார்டர் பையின் பாரத்தை பாராசூட் பாரம் என்று நினைத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. கேமராமேன் பரிதாபமாக இறந்தார். அவர் எடுத்த டேப் மிஞ்சியது.

800 தடவை குதித்தவருக்கே இந்த கதி என்றால், கேமராவை சாதாரணமாக நினைக்க முடியுமா?

200 தடவைக்கு பிறகுதான்!

இதனால்தான் அமெரிக்காவில் கட்டுப்பாடு வைத்தார்கள். ஜோடியாக குதிக்க வைக்கும் பயிற்சியாளருக்கு குறைந்தது 3 வருட அனுபவமும், 500 குதிப்பும் வேண்டும் என்பது அங்கே அரசாங்க விதி. அதற்கு மேல், 200 முறை ஜோடியாக குதித்து முடித்த பயிற்சியாளர்தான் கையில் கேமரா மாட்டலாம் என்கிறது அந்த நாட்டு பாராசூட் சங்கம்.

ஏன் 200? குதிப்பது என்பது மூச்சு விடுவது மாதிரி பழக வேண்டும். பிடியை தேடாமலே கை போக வேண்டும். அதன் பிறகு கேமராவை பற்றி யோசிக்கலாம். சைக்கிள் பழகும் முன்பே கையை விட்டு ஓட்டினால் பல்தான் போகும்!

விதி இருந்தால் மட்டும் போதுமா? அங்கேயே ஒரு கொடுமை நடந்தது. 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியா மாநிலம் லோடி அருகே ஜோடியாக குதித்த 18 வயது வாலிபரும், பயிற்சியாளரும் குடை விரியாமல் பலி ஆனார்கள். அந்த பயிற்சியாளரிடம் முறையான சான்றிதழே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்கு பயிற்சி கொடுத்தவரின் தகுதியே அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது! 2024-ம் ஆண்டு கோர்ட்டு அவரை குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

மகன் சிரித்துக்கொண்டே விமானம் ஏறினான். பயிற்சியாளரின் சான்றிதழை பார்க்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கு தோன்றியிருக்கும்?

நம்ம ஊரில்...

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு என்ன?" என்று ஒதுக்க முடியாது.

சேலம் விமான நிலையத்தில் பாராசூட் பயிற்சி முகாம் நடந்தது உண்டு. 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே குதித்த பெங்களூர் இளம்பெண் ஒருவர், குடை சரியாக விரியாமல் விழுந்து பலி ஆனார். அது ஜோடிக் குதிப்பு அல்ல. தனியாக குதித்தது. போலீசார் வழக்கு பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

மைசூரிலும், அரியானா மாநிலம் நார்னோல் பக்கமும் ஜோடிக் குதிப்பு நடந்திருக்கிறது. துபாயில் பனை மரம் போல கடலில் அமைத்த தீவுக்கு மேலே குதிப்பது உலகப் பிரசித்தம்.

வடக்கே குலு, மணாலி பக்கம் சுற்றுலா போகிறவர்கள் "பாராகிளைடிங்" போகிறார்கள். அதுவும் ஜோடிதான். மலைச்சரிவில் இருந்து குடையோடு ஓடி மிதப்பது. அங்கேயும் குச்சியில் மாட்டிய கேமரா உண்டு. 2019-ம் ஆண்டு மணாலியில் பறந்த ஒரு வாலிபர், பயந்துபோய் "500 ரூபாய் கூட தருகிறேன், இறக்கி விடு" என்று கெஞ்சிய வீடியோவை பார்த்து நாடே வயிறு குலுங்க சிரித்தது. குச்சி அவர் கையில். வழி நடத்தும் கயிறு பைலட் கையில். அதனால் அவர் பத்திரமாக இறங்கினார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் குலு மாவட்டத்தில் இரண்டு பாராகிளைடர்கள் வானத்தில் மோதியதில், தமிழ்நாட்டில் இருந்து போன சுற்றுலா பயணி ஒருவர் உயிர் இழந்தார்.

வான் விளையாட்டுகளுக்காக மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு தேசிய கொள்கையை வெளியிட்டது. பாராசூட் குதிப்பும் அதில் அடக்கம். கருவிகளும், நடத்துகிறவர்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அந்த கொள்கை. காகிதத்தில் இருப்பது களத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் காசு கொடுப்பவருக்கும் பங்கு உண்டு.

வாய் விட்டு கேளுங்கள்!

காய்கறி கடையில் கத்தரிக்காயை திருப்பி திருப்பி பார்த்து வாங்குகிறோம். சொத்தை இருந்தால் தூக்கி எறிகிறோம். ஆனால் உயிரை ஒருவர் மார்பில் கட்டி குதிக்கும்போது மட்டும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

குதிக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்க வேண்டியவை இவைதான்:-

பயிற்சியாளரின் சான்றிதழ் எங்கே? அது இன்னும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா?

இதுவரை எத்தனை முறை ஜோடியாக குதித்திருக்கிறார்? 200 தாண்டியதா?

தானாக ரிசர்வை விரிக்கும் கருவி இந்த பாராசூட்டில் இருக்கிறதா? ரிசர்வ் குடையை கடைசியாக பிரித்து மடித்தது எப்போது?

படம் எடுக்க தனி ஆள் உண்டா? இல்லை என்றால், கேமரா இல்லாமலே குதிக்க முடியுமா?

இந்த கேள்விகளுக்கு நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். முகம் சுளித்தால், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்து விடலாம்.

குதிப்பவர் செய்யக்கூடாததும் உண்டு. செல்போனை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது. வானத்தில் பயிற்சியாளரின் கையை பிடித்து இழுக்கக் கூடாது. பயம் வந்தால் பிடிக்க வேண்டியது சொந்த பெல்ட்டைத்தான். கதவு திறப்பதற்கு முன்பு 4 கொக்கியும் மாட்டியாச்சா என்று வாய் விட்டு கேட்கலாம். அப்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த கேள்வியும் வீடியோவில் பதிவாகட்டுமே!

5 ஆயிரத்து சொச்சம் அடியில், குடையை விரிக்கும் நேரத்தில், நல்ல பயிற்சியாளர் கேமராவை மறந்து விடுவார். அந்த நேரத்தில் படம் ஆடும். முகம் பாதி வெட்டுப்பட்டு போகும். வெறும் நீல வானம் மட்டும் தெரியும். பார்க்கிறவர்களுக்கு "என்னடா, ஒழுங்கா எடுக்கலையே" என்று தோன்றும்.

அப்படி ஆடிய வீடியோ கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அந்த வினாடியில் அவர் கை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது என்று அர்த்தம்!